ஒன்பதாம் நம்பர் கொக்கி

கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த ஓரத்தில் இருக்கிற தங்கம், நீயும்தான். பாதிக் கதையில் "என்ன சொன்னீங்க, என்ன சொன்னீங்க" என்று கேட்டால் எனக்கு நூல் அறுந்துவிடும். இன்றைக்கு ஒரு பிள்ளை கடத்தல் வழக்கைச் சொல்லப்போகிறேன். முகத்தைச் சுருக்காதீர்கள். பிள்ளைக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிற கதை எனக்குச் சொல்லவும் வராது. இந்தக் கதையில் வசமாக மாட்டிக்கொண்டது ஒரே ஒரு ஆள். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்.

அவரைப் பதினாலு மாமா என்றால்தான் யாருக்கும் தெரியும். வேனில் பதினாலு பிள்ளைகள். இருபத்திரண்டு வருஷமாகப் பதினாலு. பிள்ளைகள் வளர்ந்து போவார்கள், புதிதாக வருவார்கள், எண்ணிக்கை மட்டும் அசையாது. ஒரு பிள்ளைகூடக் குறைந்ததில்லை, ஒரு பிள்ளைகூட வீடு மாறி இறங்கியதில்லை. யாராவது "சௌக்கியமா?" என்று கேட்டால்கூட, "பதினாலு ஏத்துறேன், பதினாலு இறக்குறேன், எனக்கென்ன குறை" என்பார். அதுதான் அவருக்குப் பட்டம், பதக்கம், எல்லாம்.

அவர் எண்ணுகிற விதம் தனி. வேனுக்குள், கதவுக்கு எதிர்ப்பக்கம், பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு நீளப் பலகை. அதில் பதினாலு கொக்கிகள். ஒவ்வொரு கொக்கிக்கு மேலேயும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு நம்பர். முதல் வீட்டில் இறங்குகிற பிள்ளைக்கு ஒன்று, கடைசி வீட்டுப் பிள்ளைக்குப் பதினாலு. ஏறினதும் அவரவர் பையை அவரவர் கொக்கியில் மாட்டிவிட்டு உட்கார வேண்டும். பதினாலு பை தொங்கினால் வண்டி கிளம்பும். வீடு வந்ததும் "மூணு!" என்பார், மூணு பையை எடுத்துக்கொண்டு இறங்கும். பலகை காலியானால் வேலை முடிந்தது. ஓட்டுகிற இடத்திலிருந்து பின்னால் பார்க்கிற கண்ணாடியைக்கூட அவர் பிள்ளைகள் பக்கம் வைக்கவில்லை, பலகைக்குத் திருப்பி வைத்திருந்தார். அப்புறம் ஒரு சட்டம்: வண்டியில் பேசக்கூடாது. பேச்சுச் சத்தத்தில் அவருக்கு எண்ணிக்கை தவறிவிடுமாம்.

பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே ஒரு சின்னக் கடை. நோட்டு, பென்சில், பை, நகலெடுக்கிற இயந்திரம் ஒன்று. கடைக்காரம்மாவுக்கு நாலு வயதில் ஒரு பெண். கையில் அடங்காது, எந்த இடுக்கிலும் நுழையும், கேள்வி கேட்டால் சுருக்கென்று குத்தும். அதனால் குண்டூசி. பள்ளிக்கூடம் சேர இன்னும் ஒரு வருஷம் இருந்தது. தினமும் மூன்று மணிக்குக் கடை வாசல்படியில் உட்கார்ந்து, வேனில் ஏறுகிற பிள்ளைகளை, பெரியவர்கள் கல்யாணச் சாப்பாட்டைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை. ஒன்பதாம் கொக்கிக்காரிக்குப் பல்வலி. அவள் அம்மா மதியமே வந்து பல் டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டாள். டீச்சர் அதை வாசல் காவல்காரரிடம் சொன்னார். காவல்காரர் வேன்காரரிடம் சொல்லத்தான் இருந்தார். அதற்குள் ஒரு பிள்ளைக்கு ஷூ கழன்றது, இன்னொன்றுக்கு மூக்கு ஒழுகியது, விஷயம் அப்படியே காற்றில் போய்விட்டது. எதிரே கடையில் நகலெடுக்கிற இயந்திரம் காகிதத்தை விழுங்கி வைத்திருந்தது, கடைக்காரம்மா அதன் வாய்க்குள் கையை விட்டு இழுத்துக்கொண்டிருந்தாள். குண்டூசி கடையில் தொங்கின ஒரு நீலப் பையை எடுத்தது. தெருவைத் தாண்டியது. ஏறியது. ஒரு கொக்கி காலியாக இருந்ததா, மாட்டியது. உட்கார்ந்தது.

கண்ணாடியில் பதினாலு பை. வண்டி கிளம்பிவிட்டது.

ஒன்பதாவது வீடு வந்தது. "ஒன்பது!" என்றார். யாரும் அசையவில்லை. "ஒன்பது, தூங்கறியா? இறங்கு!" பக்கத்தில் இருந்த எட்டாம் நம்பர் ஏற்கெனவே இறங்கிவிட்டது, பத்தாம் நம்பர், ஒன்றும் பேசாமல், சட்டம் சட்டம்தானே, குண்டூசியை முழங்கையால் இடித்துக் கதவைக் காட்டியது. குண்டூசி பையை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து சறுக்கி இறங்கியது.

அந்த வீட்டில் அப்போது இருந்தது ஒன்பதாம் கொக்கிக்காரியின் பெரியப்பா மட்டும். கடிகாரம் பழுது பார்க்கிறவர். ஜன்னலோரம் மேசை, மேசை முழுக்க எறும்புத் தலை அளவில் திருகுகள், ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி. கதவைத் திறந்தவர், அந்தக் கண்ணாடியோடு கீழே பார்த்தார். பிள்ளை உயரத்தில் ஏதோ ஒன்று நீலப் பையோடு நின்றது.

"வந்துட்டியா? கையைக் கழுவு. மேசையில ரொட்டி இருக்கு, பழம் இருக்கு. என் பக்கத்துல வந்தா மூச்சை மெதுவா விடு, சக்கரம் பறந்துடும்."

குண்டூசி கையைக் கழுவியது, ரொட்டி தின்றது, மூச்சை மெதுவாக விட்டது. பிறகு ஆரம்பித்தது. இது ஏன் சுத்துது? அது ஏன் சுத்தலை? சுத்தலைன்னா அதுக்குக் காய்ச்சலா? பெரியப்பா இரண்டு மணி நேரம் பதில் சொன்னார். அத்தனை சந்தோஷமான இரண்டு மணி நேரம் அந்த மனுஷனுக்குப் பல வருஷமாக வாய்க்கவில்லை என்று பிறகு கோர்ட்டிலேயே சொன்னார்.

ஐந்தரை மணிக்கு ஒன்பதாம் கொக்கிக்காரியின் அம்மா மகளோடு திரும்பி வந்தாள்.

"அத்தான், இது யாரு?"

"எது யாரு? நம்ம பிள்ளைதான்."

"நம்ம பிள்ளை என் கையைப் புடிச்சுட்டு நிக்கிறா!"

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அதானே பாத்தேன். இன்னிக்கு என்னடா இவ்வளவு கெட்டிக்காரத்தனமா கேள்வி கேக்குதேன்னு."

நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் கடைக்காரம்மா சாகாமல் செத்துக்கொண்டிருந்தாள், அதையும் மனதில் வையுங்கள். தெருத் தெருவாக ஓடினாள், சாக்கடை மூடியைக்கூடத் தூக்கிப் பார்த்தாள். போலீஸ் வந்தது. வேனைக் கழுவிக்கொண்டிருந்த பதினாலு மாமாவிடமும் கேட்டார்கள்.

"சார், என் வண்டியில வேற பிள்ளை ஏறவே இல்லை. ஏறியிருந்தா பதினஞ்சு ஆயிருக்கும். பதினாலுதான் இருந்துச்சு. கண்ணால பாத்தேன்."

அவர் இப்படி அடித்துச் சொல்லி வாயை மூடவில்லை, பிள்ளை கிடைத்த சேதி வந்தது. யாரம்மா உன்னைக் கூட்டிட்டு வந்தது என்று கேட்டதற்குக் குண்டூசி சொன்ன பதில், "பதினாலு மாமா."

அவ்வளவுதான். ஏறவே இல்லை என்று சாதித்த ஆள் வண்டியிலிருந்துதான் பிள்ளை இறங்கியிருக்கிறது. இறங்கின வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லாத நேரம் வேறு. பெரியப்பாவைப் பெரியவர் கணக்கில் போலீஸ் சேர்க்கவில்லை. மறுநாள் பத்திரிகைகளில் வேன் படம், மாமா படம், குண்டூசி நாக்கை நீட்டுகிற படம். தெருவில் இரண்டு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சுத்தான். வேனை ஸ்டேஷனில் நிறுத்தி வைத்தார்கள். ஜாமீனில் வந்த மாமா வீட்டுக்குள்ளேயே முடங்கிவிட்டார்.

மாமாவுக்காக வழக்கில் ஆஜரானது அவருடைய அக்கா மகள், முறைக்கு மருமகள். வக்கீலாகி இரண்டே வருஷம். விசாரணைக்கு முந்தின நாள் மாமா வீட்டுச் சமையலறை மேசையில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மாமா, நல்லாக் கேளுங்க. பொய் சொன்னா ஜெயில். அவங்க நீங்க பொய் சொன்னதாத்தான் சொல்றாங்க. நீங்க பொய் சொல்லலை, பாக்கலை, அவ்வளவுதான். நாளைக்குக் கூண்டுல ஏறி, 'நான் பைகளைத்தான் பாப்பேன், பிள்ளைங்க முகத்தைப் பாக்கறதில்லை'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மீதியை நான் பாத்துக்கறேன்."

"சொல்ல மாட்டேன்."

"மாமா!"

"இருபத்திரண்டு வருஷம் ஊர்ப் பிள்ளைங்களைச் சுமந்தவன் முகத்தையே பாத்ததில்லைன்னு கோர்ட்டுல நின்னு சொல்லணுமா? ஒவ்வொண்ணும் எனக்கு அத்துப்படி. ஜெயிலுக்குப் போனாலும் போவேனே தவிர அந்தச் சொல்லை என் வாயால சொல்ல மாட்டேன்."

அடுப்புப் பக்கம் நின்ற அத்தை திரும்பினாள். "வீட்டுல பொண்டாட்டி முகத்தையும் பாக்கறதில்லைன்னு சேத்து எழுதிக்கம்மா. சாட்சிக்கு நான் வரேன்."

"நீ சும்மா இரு."

"இருபத்தாறு வருஷமாச் சும்மாதான் இருக்கேன்."

மருமகள் பேனாவை மூடி வைத்தாள். அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டுப் போனாள்.

விசாரணை அன்று கோர்ட்டில் நிற்க இடமில்லை. நீதிபதி ஓர் அம்மா, சளி பிடித்திருந்தது, மேசையில் கைக்குட்டைகள் அடுக்கி வைத்திருந்தார். அரசு வக்கீலுக்கு மணிக்கூண்டு உயரம், குரலும் அங்கிருந்து வருவது மாதிரிதான். அவர் கையில் ஒரு அளவு நாடா.

"அம்மா, இந்த வேனோட படி தரையிலேர்ந்து ரெண்டு அடி. நாலு வயசுப் பிள்ளை தானா ஏற வழியே இல்லை. யாரோ தூக்கி ஏத்தியிருக்கணும். கதவுப் பக்கம் இருந்தது ரெண்டே பேர். ஒருத்தர் வாசல் காவல்காரர்."

காவல்காரரைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள். "தெரியாத பிள்ளையை நான் தொடவே மாட்டேங்க" என்று நெஞ்சில் கையை வைத்துச் சொன்னார். மனதாரத்தான் சொன்னார்.

"அப்போ மிச்சம் இருக்கறது ஓட்டுநர்தானே!" என்றார் அரசு வக்கீல்.

வேன் பிள்ளைகளையும் கேட்டார்கள். ஆமாம், குண்டூசி வந்தது, எல்லாரும் பார்த்தோம் என்றார்கள். அப்புறம் ஏன் சொல்லவில்லை? "வண்டியில பேசக் கூடாதே" என்றது பத்தாம் நம்பர்.

கடைசியில், அன்றிலிருந்து அந்த நீலப் பையைத் தோளிலிருந்து இறக்காத குண்டூசியையே நீதிபதி மேசைப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"உன்னை யாரும்மா வண்டியில தூக்கி விட்டது?"

"ஒரு கை."

"யாரோட கை?"

"பெரிய கை." பிறகு யோசித்து, "உங்களுக்கு ஏன் மூக்கு சிவப்பா இருக்கு?" என்றது. நீதிபதி அடுத்த சாட்சியைக் கூப்பிடச் சொன்னார்.

அடுத்தது மாமா. மருமகள் எவ்வளவோ வளைத்து வளைத்துக் கேட்டாள். மாமா அசையவில்லை. "பிள்ளைங்க ஒவ்வொண்ணும் எனக்கு அத்துப்படி" என்றார். அரசு வக்கீலுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? தேன் குடித்த மாதிரி ஆகிவிட்டார். "அத்துப்படின்னு அவரே சொல்றார் அம்மா! அப்போ புதுப் பிள்ளை ஏறினது தெரியாமலா போச்சு? வண்டியை இங்க வாசலுக்கே கொண்டாரச் சொல்லுங்க. பிள்ளைங்களை ஏத்திக் காட்டட்டும். பாக்காம இருக்கவே முடியாதுன்னு நான் நிரூபிக்கறேன்."

நீதிபதி சரி என்றதும் மருமகளுக்கு முகம் வெளுத்தது. மாமாவுக்கு முகம் மலர்ந்தது. எத்தனை மாதம் கழித்து அந்த வண்டியைத் தொடப்போகிறார்!

மறுநாள் காலை பதினொரு மணி, கோர்ட்டு வாசல், நல்ல வெயில். ஸ்டேஷனிலிருந்து வேன் வந்தது. மாமா கைத்துண்டால் கண்ணாடியைத் துடைத்து, பலகைக்கு நேராகத் திருப்பிவிட்டு, ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தார். நீதிபதியம்மா நிழலில் ஒரு நாற்காலியில். அரசு வக்கீல் கதவருகே, கைக்கடிகாரத்தில் கண் வைத்து: ஒரு பிள்ளை ஏற எத்தனை நொடி, அத்தனை நொடியில் ஒரு முகம் தெரியாதா என்று கணக்குப் போடுகிறார். பிள்ளைகள் பைகளோடு முண்டியடித்தார்கள். "ஏறு, ஏறு, சீக்கிரம். அஞ்சு நொடி. அடுத்தது. நாலு நொடி. ஏறு, ஏறு."

கடைசிப் பை மாட்டியாயிற்று. மாமா கண்ணாடியைப் பார்த்தார். தலையை நிமிர்த்தி, மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பதினாலு! சரியா இருக்கு, அம்மா!"

அப்போதுதான் கடைக்காரம்மாவின் குரல் வந்தது. "ஐயோ, எம் பொண்ணு எங்க? இப்பத்தானே பக்கத்துல நின்னா!"

கோர்ட்டே அமளிதுமளியானது. வாசல் கதவை இழுத்துச் சாத்தினார்கள். பெஞ்சுக்கு அடியில் தேடினார்கள், பழைய காகிதக் கட்டு அறையைத் திறந்து தேடினார்கள். பள்ளிக்கூட வாசல் காவல்காரர், தன் வேலை இல்லாவிட்டாலும், பூச்செடிகளை விலக்கி விலக்கிப் பார்த்தார். அரசு வக்கீல் கையை வானத்துக்கு உயர்த்தினார். "கோர்ட்டு வாசல்லயேவா! நீதிபதி கண் முன்னாலயேவா!"

"வக்கீல் சார், என்னைப் பாக்காதீங்க" என்றார் மாமா, ஜன்னல் வழியாக. "நான் இடத்தை விட்டு எந்திரிக்கலை. இதுக்குள்ள இருக்கற பதினாலும் என் பிள்ளைங்க."

தண்ணீர்க் குழாய்ப் பக்கமிருந்து ஒரு பெண், வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, தோளில் பையோடு வந்தாள். ஏறிப் பார்த்தாள். இறங்கினாள்.

"மாமா, என் கொக்கியில யாரோ பை மாட்டியிருக்காங்க."

அது ஒன்பதாம் கொக்கிக்காரி.

நீதிபதியம்மா மூக்கைத் துடைப்பதைப் பாதியில் நிறுத்தினார். பதினாலு மாமா மெதுவாகத் திரும்பினார். கண்ணாடிக்கு அல்ல, பலகைக்கு அல்ல, பிள்ளைகள் பக்கம். எட்டாம் நம்பருக்கும் பத்தாம் நம்பருக்கும் நடுவில், கால் தரையில் எட்டாமல், குண்டூசி உட்கார்ந்திருந்தது. உதட்டில் விரலை வைத்து அவரைப் பார்த்தது. வண்டியில் பேசக்கூடாது அல்லவா!

கடைக்காரம்மா பாய்ந்து வந்து பிள்ளையை அள்ளிக்கொண்டாள். முதுகில் ஒன்று வைத்தாள், பிறகு அதே இடத்தில் முத்தம் வைத்தாள். நீதிபதியம்மா எழுந்து வந்தார்.

"குண்டூசி, இப்போ உன்னை யாரு தூக்கி விட்டது?"

குண்டூசி கையை நீட்டியது. "அந்தக் கை."

அந்தக் கையில் கடிகாரம் கட்டியிருந்தது. கைக்கு மேலே பார்த்தால், உயரத்தில், அரசு வக்கீலின் முகம்.

"நானா? இல்லையே... ஏதோ ஒரு பொடிசு கையைத் தூக்கிட்டு நின்னுச்சு... நான் நொடியைப் பாத்துட்டிருந்தேன்..." அவர் தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேறொருவர் கை தன் சட்டைக்குள் வந்துவிட்ட மாதிரி.

பூச்செடிகள் பக்கமிருந்து காவல்காரர் வந்தார். தொப்பியைக் கழற்றிப் பிடித்திருந்தார். "அம்மா, அன்னிக்கும் இப்படித்தான் இருக்கும் போல. பொடிசுங்க கையைத் தூக்கும், நான் தூக்கி விடுவேன். எதை விட்டேன்னு யாரு பாத்தா? நான் பொய் சொல்லலைங்க. எனக்கே இப்பத்தான் தெரியுது."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அரசு வக்கீலும், ஆமாம், அவரும்தான். சிரிக்காத ஒரே ஆள் மாமா. மருமகள் ஓடிவந்து, "மாமா, ஜெயிச்சுட்டோம், இறங்குங்க" என்று தோளைத் தொட்டாள். அவர் இறங்கி நேரே நீதிபதியம்மாவிடம் போனார்.

"அம்மா, கூண்டுல நான் சொன்னது தப்பு. எழுதிக்கங்க. நான் பிள்ளைங்க முகத்தைப் பாக்கறதில்லை. கொக்கியைத்தான் பாக்கறேன். அன்னிக்கும் பாக்கலை. இன்னிக்கும் பாக்கலை." பிறகு கடைக்காரம்மா பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நான் உன் பிள்ளையைத் தூக்கிட்டுப் போகலை. ஆனா பாத்திருந்தா, உனக்கு அந்த ரெண்டு மணி நேரம் இருந்திருக்காது. அதுக்கு எனக்கு என்ன தண்டனை குடுத்தாலும் தகும்."

கடைக்காரம்மா மகளைத் தோள் மாற்றிக்கொண்டாள். அப்புறம், "மிஷினைப் பாத்துட்டிருந்தவ நானும்தான் அண்ணே" என்றாள்.

அடுத்த வாரம் தீர்ப்பு வந்தது. கடத்தல் இல்லை, விடுதலை. கவனக்குறைவு உண்டு என்று நீதிபதி எழுதியிருந்தார். அந்தக் கவனக்குறைவு கோர்ட்டு வாசலில், தன் முன்னிலையிலேயே, படித்த மனிதர்களுக்கும் நேர்ந்ததால் கண்டிப்பதோடு விடுவதாகவும் எழுதியிருந்தார்.

விடுதலையாகி வீட்டுக்கு வந்த மாமா, சாப்பிட உட்கார்ந்து, தட்டை வைத்த அத்தையை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன?"

"நீ எப்பலேர்ந்து மூக்குக்கண்ணாடி போட்டிருக்க?"

"ஆறு வருஷமா."

"நல்லாருக்கு" என்றார். அத்தை உள்ளே போய்விட்டாள். குழம்பு எடுக்கத்தான் போனாள் என்று வைத்துக்கொள்வோம்.

மறுநாள் மாமா திருப்புளியை எடுத்துக்கொண்டு போய்ப் பதினாலு கொக்கியையும் கழற்றினார். கண்ணாடியைப் பிள்ளைகள் பக்கம் திருப்பினார். வேன் திரும்ப ஓட ஆரம்பித்தபோது ஒன்பது பெற்றோர்தான் பிள்ளைகளை அனுப்பினார்கள், மீதிப் பேர் ஒவ்வொருவராக வந்தார்கள். இப்போது அந்த வண்டி தினமும் கால் மணி நேரம் தாமதம். வாசலில் நிற்கிற அம்மாக்கள் முணுமுணுத்தால், "மூணாவது வீட்டுப் பையனுக்குப் பல் விழுந்திருக்கும்மா, பாக்க வேண்டாமா?" என்பார். வண்டிக்குள் சத்தமோ சொல்லி முடியாது.

புது வருஷ வகுப்புகள் தொடங்கின அன்று மூன்று மணிக்கு, ஒரு சுற்றாவது வேனில் போயே தீருவேன் என்று அடம்பிடித்து, அதே நீலப் பையோடு ஒரு பொடிசு தெருவைத் தாண்டி வந்தது, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு. படியருகே வந்ததும் இரண்டு கையையும் மேலே தூக்கியது. காவல்காரர் குனியப் போனார். "இருங்க" என்றார் மாமா. ஓட்டுகிற இடத்திலிருந்து இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, அதன் முன்னால் முழங்காலில் உட்கார்ந்தார். நெற்றி, மூக்கு, முன்பல் இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி, ஒன்று விடாமல் பார்த்தார்.

"யாரு இது?"

"உங்களுக்குத் தெரியாதா? நான்தான் குண்டூசி."

"இப்போ தெரியுது" என்று தூக்கி ஏற்றினார்.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்திருங்கள், வீட்டில் தேடுவார்கள். உங்கள் வீட்டுக் கதவு தட்டினால் திறக்கிறவர் உங்கள் முகத்தைப் பார்த்து "வந்துட்டியா" என்று சொல்லட்டும். வெளியே போன கால்கள் அத்தனையும் பொழுது சாய்வதற்குள் உங்கள் வாசலில் செருப்பைக் கழற்றட்டும். உங்கள் வீட்டில் ஒரு தலை கூடினாலும் எல்லாருக்கும் ரொட்டி போதுமானதாக இருக்கட்டும். ஓரத்தில் இருந்த தங்கம், நீ கொஞ்சம் நில். இப்படி வெளிச்சத்துக்கு வா, உன் முகத்தை நான் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.